வெள்ளையடிச்ச காணி

“...கதிருக்கும் வெள்ளையடிச்சி வச்சிருப்ப, தோலை உரிச்சிக் காட்டு, நானும் பாக்கறேன்” என்றார் மாமா, என் கணவரின் அண்ணன். சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு நின்ற மனைத் தரகர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. லாஸ்பேட்டையைத் தாண்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு காணி நிலம் இருந்தது. கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சிக் களர் ஏறிய மண். காய்ந்தால் ஓடு, நனைந்தால் பசை. மனை போட்டு விற்றுவிடலாம் என்று மாமா முடிவே செய்துவிட்டார். பத்திரம் பதிகிற நொத்தேரிடம் போய் என் கணவர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. மில்லில் ஷிப்டு பார்த்த மனுஷன், அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர்.

“ஒரு போகம் பாத்துட்டுப் போடு. அதுக்கு முன்ன போட்டுட்டு வந்தா சோறு கெடையாது” என்றேன் அவரிடம். சோறு ஜெயித்தது.

களர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும் என்று ரேடியோவில் கேட்டிருந்தேன். ஜிப்சம் வாங்கப் போனபோது உர டிப்போவில் இருந்தவர் வேர்க்கடலைக்கு என்றே நினைத்து, “மல்லாட்டை எவ்ளோம்மா போட்டிருக்க?” என்றார்.

“மல்லாட்டை இல்லங்க, மக்காச்சோளம் போடப்போறேன்.”

“சோளத்துக்கு யாரும்மா ஜிப்சம் போடுவாங்க?”

“சோளத்துக்கு இல்ல. மண்ணுக்கு.”

ஐப்பசி மழைக்கு முன்னால் ஜிப்சம் மாவை இறைத்து உழுதேன். இறைத்த அன்று வெள்ளை வெளேரென்று கிடந்ததைப் பார்த்துவிட்டு மாமா தெரு முழுக்கச் சொன்னார்: “பொங்கலுக்கு எல்லாரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க. எங்க வூட்டுப் பொண்ணு நெலத்துக்கு அடிக்கிறா!” அன்றிலிருந்து எங்கள் நிலத்துக்கு ‘வெள்ளையடிச்ச காணி’ என்றே பெயர். நல்லது என்று நானும் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்றால், “வெள்ளையடிச்ச காணி, ஒண்ணு குடுங்க” என்பேன். அவரும் கொடுத்தார்.

பெரிய மார்க்கெட்டிலிருந்து வாழைமட்டையும் கோஸ் இலையும் வண்டி வைத்து அள்ளிவந்து, ஆடியிலிருந்தே குழியில் மக்கவைத்திருந்தேன். பூக்காரம்மா ஒருத்தி, “ஏம்மா, நாத்தத்தகூட எங்களுக்கு மிச்சம் வெக்க மாட்டியா?” என்றாள். எவ்வளவு அழகாகத் திட்டுகிறார்கள் என்று அதையும் மனசில் முடிந்துகொண்டேன்.

வயலில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மடையைத் திறந்ததும் உப்பைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஓடியது. மறுபடி தேக்கினேன், மறுபடி வடித்தேன். பிறகு மக்கு எருவைப் போட்டு உழுதபோது கட்டி கட்டியாகப் பெயர்கிற மண், கையில் பிடித்தால் உதிர்ந்தது. தை மாதம் விதைத்து, கிணற்றைத் தொடாமல் குட்டைத் தண்ணீரையே பாய்ச்சினேன். கிழக்கு மூலையில் முழங்கால் உயரத்துக்கு மேல் எழவே இல்லை. அதை யாரிடமும் மறைக்கவில்லை. மற்ற இடத்தில் என் தலைக்கு மேல் நின்றது.

பங்குனியில் மாமா தரகரோடு வந்தார். “போகம் முடிஞ்சிது இல்ல?” என்றார் தரகர். அப்போதுதான் கதிருக்கும் வெள்ளையடித்திருப்பேன் என்ற அந்தப் பேச்சை மாமா எடுத்தார்.

ஒரு கதிரை ஒடித்து மாமா கையிலேயே கொடுத்தேன். உரித்தார். அடியிலிருந்து நுனிவரை மணி பிடித்திருந்தது. பச்சையாகவே கடித்தார்; பால் தாடையில் வழிந்தது.

“அப்ப கையெழுத்து?” என்றார் தரகர்.

“நெலம் விக்கறதுக்கு இல்லீங்க. சோளம் வேணா விக்கறேன்” என்றேன்.

மாமா என்னையும் பார்க்கவில்லை, தரகரையும் பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து வரப்பில் விரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதிர் ஒடிக்க உள்ளே இறங்கிவிட்டார்.