ஹன்னாவின் இரண்டாவது பெயர்

டொரன்டோவில் பழைய ஆவணங்கள் உள்ள நூலகம். பாஸ்டனில் பிறந்த என் மனைவி எமிலி மைக்ரோஃபிலிம் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மூதாதை ஹன்னா, அமெரிக்கா ஆங்கிலேயர் காலனியாக இருந்தபோது பிறந்தவள். விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற கணவனை இழந்து, பிள்ளைகளோடு கனடாவுக்கு ஓடி வந்தாள். பிறகு எந்த ஏட்டிலும் அவள் பெயர் இல்லை. மூன்று நாளாகத் தேடுகிறோம். மாலையில் விமானம்.

நான் தமிழில் சலித்துக்கொள்வது கேட்டு நூலகப் பணியாளர் அருகே வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், சுகந்தி அக்கா.

"தம்பி, அவா இஞ்ச திரும்பக் கலியாணம் கட்டிப் பேரை மாத்தியிருப்பா. மகன்ர பேரில பாப்பம். அரசாங்கத்திட்ட காணி கேட்டு எழுதேக்க தாயைப் பற்றிச் சொல்லியிருப்பான். அகதியா வந்த நாங்களும் அப்பிடித்தானே எழுதினனாங்கள்!"

திரையில் வேறு ஃபிலிம் சுருள் ஓடுகிறது. எமிலி உரக்க வாசிக்கிறாள்: "என் தாய் ஹன்னா, இப்போது இவ்வூர்த் தச்சரின் மனைவி..."

வீறிடுகிறாள். நாற்காலி கவிழ்கிறது. அறை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. எங்களை அடக்கவேண்டிய அக்காவே கைதட்டிக் கத்துகிறார்: "ஓம்! ஆள் பிடிபட்டிட்டா!"

மூவரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம். பக்கத்து மேசைப் பெரியவர் தன் சுருளோடு எழுந்து வந்து, அக்காவின் பின்னால் வரிசையில் நிற்கிறார்.