காஜா அக்காவின் இடது கை

அந்தத் தெருவில் தையல்கடைகள் நான்கு இருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டை தைக்கக் கற்றுக்கொடுத்தவள் ஒருத்திதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், துணி வெட்டும் மேசை, லைவ் போட ஒரு போன். மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் போனைப் பிடித்துக்கொள்வது அம்மா. அம்மாவின் மடியில் அவளுடைய சொந்தப் போன், அதிலும் மகளின் லைவ்தான். ஸ்டாண்டு வாங்கலாம்தான். ஆனால் ஸ்டாண்டு, 'கொஞ்சம் சிரிச்ச முகமா இருடி' என்று சைகை காட்டாதே!

ஞாயிறு மதியம் லைவ் தொடங்கினால் சமையலை முடித்தவர்கள், முடிக்காதவர்கள், தூங்கப் போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பட்டன் நுழையும் காஜாவை அவள் போடுகிற அழகைப் பார்த்து, காஜா அக்கா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அதில் அவளுக்கு அத்தனை பெருமை. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள்.

ஒரு சங்கதி மட்டும் அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. அவளுக்கு இடது கைப் பழக்கம். சின்ன வயதில் விருந்தாளி வந்தாலே, "நொட்டாங்கையை நீட்டாதடி, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று அம்மா அதை இழுத்து மறைப்பாள். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிக் காட்டும் வசதி போனில் இருப்பதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். அதைப் போட்டதும் இடது கை வலது கையாகத் தெரிந்தது. "அப்பாடா, இப்படியே இருக்கட்டும்" என்றாள். மகளும் விட்டுவிட்டாள். கையால் வந்த பேர் கையாலேயே போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

ஆண்கள் சட்டைப் பாடத்தில்தான் வந்தது வினை. இடது, வலது என்று வாயால் சொல்ல அவளுக்கு எப்போதுமே கூச்சம். "இந்தப் பக்கம் காஜா, அந்தப் பக்கம் பட்டன்" என்று துணியைத் தூக்கிக் காட்டினாள். பார்த்தவர்கள் படத்தில் தெரிந்தபடியே தைத்தார்கள். அடுத்த ஞாயிறு லைவ் தொடங்கியதும் லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதினார்:

"அக்கா, நானே தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டுப் போனா, பொண்டாட்டி சட்டையான்னு கேக்கறாங்க. பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி பக்கம் மாறியிருக்கு."

"எனக்கும்." "எனக்கும்தான்." "என் மாமனாருக்குத் தைச்சுக் குடுத்துட்டேன்க்கா, இப்ப என்ன பண்றது?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மடியிலிருந்த போனில் அதைப் படித்த அம்மாவுக்கும் புரிந்தது. 'போன் கோளாறுன்னு சொல்லிடு' என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோற்றில் மறைப்பது? தன்னை நம்பித் துணியில் கத்திரி வைத்தவர்கள் அவர்கள். தைத்ததைப் பிரிக்கிற வேதனை தையல்காரிக்குத் தெரியாதா? அவர்களிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான். எனக்கு நொட்டாங்கை. அது தெரியக் கூடாதுன்னு படத்த மாத்தி வச்சிருந்தேன். இப்ப எடுத்துடறேன்" என்று எழுந்து போய், அம்மா பிடித்திருந்த போனில் அந்த வசதியை நிறுத்தினாள்.

பிறகு கத்திரியை இடது கையில் எடுத்தாள். வலது கைக்காரர்களுக்காகச் செய்த கத்திரி அது. இடது கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகே மறைத்துவிடும். தலையைச் சாய்த்து மறுபக்கமாகப் பார்த்து, காலரின் வளைவை இம்மியும் பிசகாமல் வெட்டி எடுத்தாள்.

"பீச்சாங்கையா!" என்று ஒருவர் கேலி செய்தார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்து லாரிக்காரர் எழுதினார்: "எனக்கும் நொட்டாங்கைதான்க்கா. கத்திரியத் தொட்டாலே துணி மடங்கிக்குது. உங்க கையக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."

"எனக்கும்." "என் பொண்ணுக்கும்தான்." "ஆமாக்கா, மெதுவா இன்னொரு தடவ வெட்டுங்க."

அம்மா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஸ்டூலை விட்டு எழுந்து, போனை மகளின் இடது கைக்கு அருகே கொண்டுபோனாள். அதுவரை எந்த லைவிலும் மூச்சுக் காட்டாதவள், எல்லாருக்கும் கேட்கும்படி வாய் திறந்தாள்.

"என் பொண்ணோட கை. நல்லாப் பாத்துக்கோங்க."