பந்தியில் எடுத்த முடிவு

கமருன்னிஸாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கும்பகோணம் சாரங்கபாணியின் முகம்தான் வருகிறது. கூடவே எரிச்சலும் வருகிறது. அந்த மனிதருக்கு அறுபதாம் கல்யாணம் நடக்காமல் இருந்திருந்தால் இராஜாங்கம் பாலைவனத்தில் ஆடு மேய்த்திருக்க மாட்டார். இப்படிச் சொல்வது நியாயமில்லை என்கிறான் என் மகன். இருக்கட்டும். நியாயம் பார்த்து எழுத நான் நீதிபதி இல்லை. திருத்துறைப்பூண்டி மின்சார வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோபம் வந்தால் மறைக்கத் தெரியாதவள்.

கமருன்னிஸா முத்துப்பேட்டைக்காரி. கணவர் சேக் தாவூது துபாயில் ஜவுளிக்கடையில் இருந்தார். அவரோடு பேசுவதற்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். பேச்சு முடிந்த பிறகு அதை அணைக்க மனமில்லாமல் எதையாவது தட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் ‘வழித்துணை’யைக் கண்டுபிடித்தாள். பயணம் போகிறவர்கள் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் தமிழில் இருந்த இணைய மன்றம் அது. கீழ்வேளூர்ப் பையன் பரிதி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே அதை நடத்தினான். என் மகன் சிங்கப்பூர் போன வருஷம் நானும் அதில் சேர்ந்தேன். அங்கேதான் எனக்கும் கமருவுக்கும் பழக்கம்.

வழித்துணை அப்போது ஒரே பக்கம். யார் என்ன கேட்டாலும் மேலே வந்து நிற்கும். திருநள்ளாறுக்கு எந்த பஸ் என்று ஒருவர் கேட்பார். அதற்குக் கீழேயே, மஸ்கட்டுக்கு ஊறுகாய் எடுத்துப் போனால் பிடுங்கிவிடுவார்களா என்று இன்னொருவர் கேட்பார். லண்டனிலிருந்து ஒரு பெண், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போக எத்தனை மணிக்குப் படகு என்பாள். கோயிலுக்குப் போகிறவர் படகைப் பற்றிப் படிப்பார், படகுக்குப் போகிறவள் ஊறுகாயைப் பற்றிப் படிப்பாள். தனக்குச் சம்பந்தமில்லாததைப் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதில் கமருவின் பதில்களுக்குத் தனி மவுசு இருந்தது. திட்டிவிட்டுத்தான் பதில் சொல்லுவாள். “பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில குடுத்துட்டு இங்க வந்து என்ன கேள்வி? மொதல்ல போய் வாங்குங்க. அப்பறம் எழுதுங்க” என்று ஒருவருக்கு எழுதியிருந்தாள். அந்த ஆள் போய் வாங்கிவிட்டு வந்து, வாங்கிட்டேங்க என்று எழுதினார். யார் பெற்ற பிள்ளையோ விமானம் ஏறுகிறது என்றால் இவளுக்கு இங்கே சோறு இறங்காது. இத்தனைக்கும் இவள் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை.

கூட்டம் பெருகியது. காலையில் கேட்ட கேள்வி மத்தியானத்துக்குள் அடியில் போய்விடும். அப்போதுதான் மன்றத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. கிளப்பியவர் சாரங்கபாணி. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கோயிலாகப் போய் வந்து அழகாகத்தான் எழுதுவார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கட்டுரைக்கு மேலே எவனாவது வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் தோற்றுவிட்டேன், என்ன செய்வது என்று கேட்டுவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ‘எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்’ என்று எழுதுவார். அதை நாசூக்காக எழுதுவார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பரிதியும் பிரிக்கத்தான் வேண்டும் என்றான். ஆனால் அவன் காரணம் வேறு. அவன் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்த குடும்பம். ஆற்றில் தண்ணீர் வந்தால் மேல்பகுதிக்காரன் பாய்ச்சி முடித்த பிறகுதான் கடைமடைக்கு வரும், பாதி வருஷம் வராது என்பதைப் பார்த்து வளர்ந்தவன். கமருவிடம் போனில் சொன்னான்.

“அக்கா, கோயிலும் டூரும் மேல வந்து மேல வந்து, வேலைக்குப் போறவங்க கேள்வியெல்லாம் அடியில போயிடுது. கடைமடைக்குன்னு தனி வாய்க்கா வெட்டிட்டா யாரும் மறிக்க முடியாதுல்ல?”

“தம்பி, தண்ணின்னா சரி. இங்க தண்ணிங்கறதே படிக்கிற ஆளுங்கதான். நீ வாய்க்கா வெட்டுவ, ஆளு யாரு வருவா அதுல?”

அவனுக்கு அது ஏறவில்லை. டெல்டாவில் பிறந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வாய்க்காலாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் சாரங்கபாணிக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வந்தது. மன்றத்தில் இருக்கிற எல்லாரையும் அழைத்திருந்தார். எழுத்தில் மட்டுமே பார்த்தவர்களை நேரில் பார்க்கலாம் என்று ஆசையாகத்தான் போனோம். கமரு மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் கோயிலுக்குள் போய், கலசத் தண்ணீர் ஊற்றுவதையும் மாலை மாற்றுவதையும் பார்த்துவிட்டு வந்தோம். வரிசையாக எல்லாரும் தம்பதி காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். பரிதியும் விழுந்தான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, மாலையைக்கூடக் கழற்றாமல் சாரங்கபாணி வந்து நின்றார்.

“இன்னிக்கி உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பரிசெல்லாம் வேணாம். மன்றத்தைப் பகுதி பகுதியாப் பிரிக்கச் சம்மதம் சொல்லிடுங்க. பரிதியும் சரின்னுட்டாரு.”

மணவறையிலிருந்து எழுந்து வந்த மனிதர், அவர் வீட்டுச் சோறு இலையில் இருக்கிறது, பக்கத்தில் அவர் மனைவி புதுப்புடவையோடு நிற்கிறார். நம் ஊரில் யார் வாயிலிருந்து வேண்டாம் என்று வரும்? அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சிலர் வாயில் சோறோடு ஆட்டினார்கள். இதைத் தெரிந்துதான் அந்த ஆள் அங்கே வைத்துக் கேட்டார் என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

கமரு பாயசத்தைச் சாப்பிட்டு முடித்தாள். இலையைத் தன் பக்கமாக மடித்தாள். கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“நல்லா இருங்க சார், நூறு வயசு இருங்க. ஆனா இதுக்கு எனக்குச் சம்மதம் இல்ல. விசா கேள்விய ஒரு ரூமுல போட்டுக் கதவைச் சாத்தினா, அந்த ரூமுக்கு வர்றது ரெண்டே பேருதான். தெரியாதவன் ஒருத்தன், ஏமாத்துறவன் ஒருத்தன்.”

“எனக்கும் இல்லீங்க” என்றேன் நான்.

“நல்ல நாள்ல ஏம்மா இப்படி” என்று யாரோ முணுமுணுத்தார்கள். சாரங்கபாணி சிரித்துக்கொண்டே தாம்பூலப் பையை எடுத்து நீட்டினார். முடிந்தது.

ஆன்மிகம், சுற்றுலா, வேலைப் பயணம், பயணச் சாப்பாடு என்று நான்கு பகுதிகள் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே சாரங்கபாணி தலைமை நெறியாளர். கமருவுக்கு எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? சாப்பாட்டை. கட்டுச்சோறு கெடாமல் இருக்க என்ன வழி என்று சொல்ல அவளை உட்கார வைத்தார்கள்.  அவளோ சாப்பாட்டுப் பகுதியையும் பார்த்துக்கொண்டாள், வேலைப் பயணத்தையும் ஒருநாள் விடாமல் படித்தாள். அங்கே அவளைத் தவிர, விவரம் தெரிந்தவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

சில மாதம் கழித்து, கீழ்வேளூரிலிருந்து பூவிழி என்ற பெண் அங்கே ஒரு கேள்வி போட்டாள். அப்பா சவுதி போகிறார், பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, ஊர் இது, அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று. அந்த ஊர்ப் பெயர் என் வாயில் நுழையாது. கமருவுக்குப் பார்த்ததுமே பொறி தட்டியது. எனக்குப் போன் செய்தாள்.

“ராசம்மாக்கா, ஃபாஜில்னு ஒருத்தர் படம் போடுவாருல்ல, பாலைவனத்துல கூடாரம் அடிச்சு? அதுல இந்த ஊர் பேருதான் போட்டிருந்துச்சு. ஒரே மணலு. அங்க ஏது பிஸ்கட் கம்பெனி?”

ஃபாஜில் சவுதியில் ஜுபைலில் வேலை பார்க்கும் எஞ்சினியர். விடுமுறை நாளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பாலைவனத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்து போடுவார். மன்றம் பிரிந்த பிறகு சுற்றுலாப் பகுதியைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. தனி மடல் அனுப்பும் வசதியைப் பரிதி முன்பே எடுத்துவிட்டான், பெண்களுக்குத் தொந்தரவு வருகிறது என்று. ஆகவே கமரு, சுற்றுலாப் பகுதியில் ஃபாஜில் போட்ட படங்களுக்குக் கீழேயே போய்க் கேட்டாள்: இந்த இடத்தில் பிஸ்கட் கம்பெனி உண்டா, ஒருவர் வேலைக்கு வருகிறார், உடனே சொல்லுங்கள்.

பூவிழிக்கும் எழுதினாள். “பதில் வர்ற வரைக்கும் அப்பாவ ஏற விடாதே.”

சாயங்காலம் பார்த்தால் கேள்வியைக் காணோம். ‘இது இந்தப் பகுதிக்கு உரியதல்ல. வேலைப் பயணத்துக்கு மாற்றப்பட்டது’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது, கீழே சாரங்கபாணி பெயர். கமரு மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தார். இன்னொரு முறை விதியை மீறினால் உறுப்பினர் கணக்கு முடக்கப்படும் என்று எச்சரிக்கையும் போட்டார். பரிதியின் போன் கிடைக்கவில்லை. சாரங்கபாணியைப் போனில் கூப்பிட்டாள். பூஜையில் இருக்கிறார் என்றார்கள். அதே நேரம் வேலைப் பயணத்தில், ‘உதவும் கரம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தன் பூவிழிக்குப் பதில் எழுதினான். நல்ல கம்பெனி, நானே பார்த்திருக்கிறேன், தைரியமாக அனுப்புங்கள் சகோதரி. அவன் அந்த ஏஜென்டின் ஆள் என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த நாள் அவளும் நானும் பஸ் மாறி மாறிக் கீழ்வேளூருக்குப் போனோம். வீட்டைக் கண்டுபிடித்தபோது பூவிழியின் அம்மா காளியம்மாள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அவங்க நேத்தே கெளம்பிட்டாங்களே. இந்நேரம் எறங்கியிருப்பாங்க. வாங்க, மோர் குடிங்க” என்றார்.

பூவிழி எங்களைப் பார்த்து, “அக்கா, நல்ல கம்பெனின்னு பதில் வந்துச்சே. நீங்க கேட்டுச் சொல்றேன்ன பதிலத்தான் காணோம்” என்றாள். கமரு மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோபத்தில் அழுதாள். அங்கிருந்தே பரிதிக்குப் போன் போட்டாள்.

“தம்பி, உங்க ஊர்லதான் நிக்கிறேன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி, இராஜாங்கம் வீடு. தெரியுமா?”

“தெரியும்க்கா. எங்கப்பாவோட ஒண்ணா நடவுக்குப் போனவரு. ஏன்க்கா?”

அவள் சொன்னாள்.  அன்றைக்கே நான்கு பகுதிகளுக்கும் தலையில் அந்தக் கேள்வியைப் பரிதி தன் கையால் கொண்டுபோய் வைத்தான். ராத்திரிக்குள் ஃபாஜில் பதில் எழுதிவிட்டார்: அங்கே கம்பெனியே கிடையாது, ஆட்டுப்பட்டிகள்தான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘நான் தினமும் இங்கேதான் இருக்கிறேன். இதை முன்னாலேயே கேட்டிருக்கலாமே?’

அந்த வரியைப் படித்துவிட்டுக் கமரு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

இராஜாங்கத்தை ஃபாஜில்தான் தேடிக் கண்டுபிடித்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர் தயவில் இராஜாங்கம் வீட்டுக்கு ஒருமுறை பேசியிருந்தார், அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனார். தகரக் கொட்டகை, சுற்றிலும் ஆடுகள், பேச ஒரு ஆள் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம். தூதரகத்துக்கு நடையாய் நடந்து அவரை வெளியே கொண்டுவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இராஜாங்கம் ஊர் திரும்பிய அன்று சாரங்கபாணி பெரிய கட்டுரை எழுதினார். ‘நம் மன்றத்தின் மகத்தான சேவை’ என்று தலைப்பு. நான்கு பகுதியிலும் போட்டார். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுப் பகுதியில் மட்டும் அது மறைந்து, ஒரு குறிப்பு வந்தது: ‘இது இந்தப் பகுதிக்கு உரியதல்ல. நீக்கப்பட்டது. கமருன்னிஸா.’

இராஜாங்கத்தைப் பார்க்க நாங்கள் கீழ்வேளூர் போயிருந்தோம். பரிதியும் சென்னையிலிருந்து வந்திருந்தான். இராஜாங்கம் பாதியாய் இளைத்திருந்தார். யாராவது பேசினால் உடனே பதில் வராது. பேச்சு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்ட மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியம்மாள் எங்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். பரிதி கமரு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, மறுபடி எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துடவா? எல்லாருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுடுறேன்.”

“கேளு” என்றாள் கமரு. “எல்லாரையும் இங்க வரச் சொல்லு. இவரு எதிர்ல உக்கார வச்சுக் கேளு. ஆனா சோறு போடாம கேளு தம்பி.”