இயக்குநரின் வாயில் பாதி முட்டை

கால்நடை மருந்து ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு மாட்டுக்காரம்மா என்று பெயர். பெயருக்குத்தான் அப்படி, நிஜ மாடு எதிரே வந்தால் பத்தடி தள்ளி நிற்பாள். அவள் மேய்த்த மாடு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதற்கு ஊசி போட்டால் மருந்து ஈரலுக்கு எவ்வளவு போகும், கொழுப்பில் எவ்வளவு தங்கும், பாலில் எவ்வளவு கலக்கும், அந்தப் பாலை எப்போதிலிருந்து விற்கலாம் என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாள்.

மருந்து கொடுத்த கோழியின் முட்டைக்கும் இப்படியொரு கணக்கு வேண்டும் என்றார் இயக்குநர். வருஷக்கணக்கில் தள்ளிப்போன அவளுடைய பதவி உயர்வு இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எழுத யாருக்குப் பொறுமை? மாட்டுக் கணக்கை அப்படியே நகலெடுத்து, எடையைக் குறைத்து, ஈரலைச் சுருக்கி, முட்டையைச் சேர்த்துக் கோழியாக்கிவிட்டாள். விடையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள். மறுநாளே முட்டை சுத்தமாம்!

"எங்கக்கா வீட்டுக் கோழிக்கு இன்னிக்குதான் மருந்து குடுத்தாங்க. நாளைக்கு அது போடற முட்டைய அவிச்சு மீட்டிங்ல வைக்கப்போறேன். அப்ப நம்புவாங்கல்ல?" என்றாள் புருஷனிடம்.

"உனக்கு எதுக்கு வேண்டாத வேலை? கம்ப்யூட்டர் படத்தக் காட்டிட்டு வாயேன்."

கேட்டால்தானே!

கூட்டத்தில் திரை முழுக்கக் கோழி: கட்டங்களும் அம்புக்குறிகளும். இயக்குநர் ஒரு கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மறு கையால் முட்டையை உப்பில் தொட்டு ஒரு கடி கடித்தார்.

"பிரமாதம்! மருந்து இவ்வளவு சீக்கிரமா எங்கம்மா போகுது?"

"அதுவா ஐயா..." என்று அம்புக்குறி போன வழியே விரலை நகர்த்தினாள். விரல் ஒரு கட்டத்தில் போய் நின்றது. மடி. மாட்டின் மடியைக் கழற்ற மறந்திருக்கிறாள். மருந்தில் முக்கால்வாசி அந்தக் கோழியின் பாலில் போய்க்கொண்டிருந்தது.

ஐயோ! நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனால் கையெழுத்து விழும், பதவி வரும். கூடவே மருந்து முட்டையும் கடைக்கு வரும், பிள்ளைகள் தின்னும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"ஐயா, துப்புங்க!"

"எதை?"

"முட்டைய! கணக்கு தப்பு ஐயா. என் கோழி பால் கறக்குது."

இயக்குநர் கைக்குட்டையில் துப்பினார். தண்ணீர் குடித்தார். எழுந்துபோய்த் திரையை உற்றுப் பார்த்தார். பின்னால் ஒருவர் களுக்கென்று சிரிக்க, அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கு மானம் போய்விட்டது.

அவர் பேனாவை மூடினார். "பதவி உயர்வு இந்த வருஷம் கிடையாது."

"சரிங்க ஐயா." கண் நிறைந்துவிட்டது.

"மடிய எடுத்துட்டு மறுபடி கணக்குப் போடும்மா. எப்ப சாப்பிடலாம்னு நீ சொல்றியோ, அன்னிக்கு முட்டை கொண்டு வா. நான் சாப்பிடறேன்."