காட்டின் ஐந்தாவது கல்

ஒன்பது வயது வரை எனக்கென்று சொந்தமாக ஒரு சாமி இருந்தது. எங்கள் வயலுக்குள், மண்ணிலிருந்து ஒரு சாண் மட்டும் எட்டிப் பார்க்கும் கல். தலையில் கூட்டல் குறி வெட்டியிருக்கும். கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது அதற்குத் தும்பைப் பூ வைத்துக் கும்பிடுவேன். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சக்தியுள்ள சாமிதான் பாப்பா. ஆனா யார்கிட்டயும் சொல்லிடாத, சொன்னா சக்தி போயிடும்” என்றார். என் வாயில் அவல் கூட நனையாது என்பாள் அம்மா. அந்த வாயை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷம் அந்த ரகசியத்தைக் காத்தேன்.

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல். அந்த நெல்லுக்கு நடுவே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு காடு. இலுப்பைக்காடு என்று பெயர். பெயர்தான் இலுப்பை, உள்ளே நாவலும் மகிழமும் வீரையும் பெயர் தெரியாத கொடிகளும் பின்னிக் கிடக்கும். பகலெல்லாம் பழந்தின்னி வவ்வால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை போடும். காட்டின் மேற்கு ஓரத்தை ஒட்டி எங்கள் வயல். அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில்தான் சொந்த வயல் வந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்லூரிக்குப் போய்த் தாவரவியல் படித்தார்.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில், அரையாண்டு விடுமுறையின்போது, அத்தை இலுப்பைக்காட்டை அளந்து படம் போட வந்தார். சுற்றிலும் எல்லாம் வயலாகிவிட்ட இடத்தில் மிச்சமிருந்த ஒரே காடு அது. பாதுகாக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுத வேண்டுமானால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். யாரும் கேட்காமலேயே நான் அத்தைக்கு உதவியாளர் ஆனேன்.

மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும் என்றார் அத்தை. நான் என் மார்பு உயரத்தில் அளந்தேன். அன்று காலை இலுப்பைக்காட்டு மரங்களெல்லாம் திடீரென்று பருத்துவிட்டன. அத்தை சிரித்துவிட்டு, நாடாவை வாங்கிக்கொண்டு, கையில் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்தார். ஆகாயத்தில் சுற்றும் நாலு செயற்கைக்கோளாவது கண்ணில் பட்டால்தான் அது இடம் சொல்லுமாம். அடர்ந்த மரத்தடியில் அது வாயே திறக்காது. பனி சொட்டச் சொட்ட நானும் அதுவும் இலைகளின் இடுக்கில் வானத்தைப் பார்த்துக் காத்திருப்போம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பசித்த ஞாபகம் கூட இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் காட்டுக்குள் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தவர்களிடம் அத்தை பேசி, பிரிக்கச் சம்மதிக்க வைத்துவிட்டார். மேற்கு மூலையில்தான் சிக்கல். தாலுகா ஆபீசிலிருந்து வாங்கி வந்த பழைய வரைபடத்தை விரித்துக்கொண்டு எங்கள் வரப்பில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

“இதுல எல்லைக்கு அஞ்சு கல்லு போட்டிருக்கு கண்ணு. நாலுதான் கெடைக்குது. அஞ்சாவது இல்லாம காடு எங்க முடியுதுன்னே சொல்ல முடியாது. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண்தான்.”

அத்தை முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

“கல்லுன்னா, தலையில கூட்டல் போட்டிருக்குமா அத்தை?”

பயிர் பால் பிடித்திருந்த நேரம். கதிரை விலக்கி விலக்கி அத்தையை என் சாமியிடம் கூட்டிப்போனேன். துள்ளிக் குதிப்பார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தை கல்லைப் பார்த்தார். திரும்பி, காட்டோரம் இருந்த எங்கள் வரப்பைப் பார்த்தார். “வேற யாருக்காவது இது தெரியுமா?” என்று கேட்டார். “அப்பாவுக்கு மட்டும்தான்” என்றேன் பெருமையாக.

வரப்புக்குக் கால் உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தை வெட்டிச் சேறு பூசுவார்கள். ஒவ்வொரு வருஷமும் வயல் பக்கம் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கழித்து, காட்டுப் பக்கம் அந்தச் சேற்றை அப்பினால், வரப்பின் அகலம் மாறாது. இடம் மட்டும் மாறும். கல் இருந்த இடத்திலேயே இருக்க, எங்கள் வரப்பு பதினெட்டு அடி நடந்து காட்டுக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. முதலில் அம்மாதான் ஆரம்பித்தாள். “ஊருல படிச்சவங்க வீட்டுக்கு எதையாவது கொண்டாருவாங்க. நம்ம வீட்டுல அளந்து எடுத்துட்டுப் போறாங்க.”

அப்பா அவளை அடக்கிவிட்டு அத்தையிடம் தணிவாகச் சொன்னார். “வரப்பையே எல்லைன்னு போட்டுடேம்மா. அதனால காடு என்ன கொறைஞ்சா போயிடும்?”

“மூணு பக்கமும் வேலியப் பிரிக்கச் சொல்லியிருக்கேண்ணே. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒரு மூலை பொய்யின்னா படத்தையே யாரும் நம்ப மாட்டாங்க. அப்புறம் காடும் இருக்காது.”

“ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டி அனுப்புனேனே அரிசி, அது எந்த மூலையில வெளஞ்சதுன்னு நெனச்ச?” என்றார் அப்பா.

அத்தை பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. சாமியை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன், சக்தி போய்விட்டது, அதனால்தான் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அடுப்படி மூலையில் போய், மன்னித்துவிடு என்று மனதுக்குள் நூறு தடவை சொன்னேன்.

மறுநாள் காலை ஒரே மூடுபனி. அத்தையும் நானும் நாலாவது கல்லருகே நின்றோம். அங்கிருந்து ஐந்தாவது கல்வரை நேர்கோட்டில் கருவியைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் கல் பயிருக்குள் மூழ்கிக் கிடந்தது. அதன்மேல் யாராவது அடையாளத்துக்கு நின்றால்தான் வழி தவறாமல் நடக்க முடியும். அத்தை கருவியை என் கையில் கொடுத்தாரே தவிர, நட என்று சொல்லவில்லை. வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். கதிர்களை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு போய், என் சாமியின் தலையில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தோள் துண்டை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கல்லு மேலதான் நிக்கிறேன். நேரா வா. பயிரு மிதிபட்டாப் பரவால்ல” என்று குரல் கொடுத்தார்.

பனிக்குள் அந்தத் துண்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் கருவியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்; அத்தை பின்னால் வந்தார். அன்று போட்ட கோடு இன்றும் படத்தில் இருக்கிறது, காடும் இருக்கிறது. அடுத்த நடவுக்கு அப்பா தன் கையாலேயே வரப்பை வெட்டிக் கல்லுக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று பாதி வழியில் பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினேன். அத்தை பயிருக்கு நடுவில் நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நத்தை ஓடு காலைக் கிழித்துவிட்டது என்று நினைத்தேன். சேற்றில் உட்கார்ந்து, “காலத் தூக்குங்க அத்தை” என்று ஒவ்வொரு காலாகத் துடைத்துப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. “அப்பா, அத்தை அழுவுறாங்க” என்று கத்தினேன். அப்பாவுக்குக் கேட்டது. துண்டு ஒரு தடவை ஆடியது. ஆனால் அவர் இறங்கவில்லை. கூடப்பிறந்தவள் இப்படி அழும்போது ஓடிவந்து என்ன என்று கேட்காமல், ஒரு கல்லின்மேல் அசையாமல் நிற்கிறாரே என்று அன்றைக்கெல்லாம் அப்பாவிடம் நான் பேசவே இல்லை.