ஒழுகாத மூலை

இராமேஸ்வரம் தீவில் ஒரு கிளை நூலகத்துக்குக் கணினி பொருத்தப் போயிருந்தேன். நூலகர் வாசலில் கிழிந்த மீன்வலையை விரித்து, முந்தின இரவு மழையில் நனைந்த புத்தகங்களைக் கருவாடு புரட்டுவதுபோல் வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். ஒட்டிய பக்கங்களை ஊதிப் பிரிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். உள்ளே கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“கூரையைச் சரிபண்ணவும் இதுல காசு இருக்காம்மா?”

“இல்லைங்க சார். கணினிக்கு மட்டும் வந்த நிதி.”

“கட்டடம் கட்ட ஒரு தடவை வந்துச்சு. இப்ப இதுக்கு வந்திருக்கு. வருசா வருசம் பாத்துக்கிறதுக்குத்தான் வர மாட்டேங்குது.”

மேசை, மின்இணைப்பு, ஈரமில்லாத இடம் ஆகியவை வேண்டும் என்றேன். ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கிருந்த சிறுவர் நூல்களை அள்ளி, சொட்டும் பக்கத்து அலமாரிக்கு மாற்றத் தொடங்கினார்.

“சார், அது நனையுமே!”

“புத்தகம் நனைஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாக. இது நனைஞ்சா என் சம்பளத்துல பிடிச்சிருவாக. நம்ம புள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், புத்தகத்துக்குத்தான் தெரியல” என்று சிரித்தார்.

நான் பொருத்தி முடித்ததும், “இங்கன ஒரு சொட்டு விழாது. திருப்திதானம்மா?” என்று கேட்டார்.

அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.