எல்லை தாண்டிப் போன சீரு

செவப்புத் துணி போட்டு மூடுன பித்தளத் தாம்பாளம். அதத்தான் மொதல்ல சொல்லணும். ரெண்டு ஆளு புடிச்சித் தூக்கி என் மாட்டு வண்டில வெப்பாங்க. பொருவிளங்கா உருண்டைன்னு ஒரு பலகாரம் உண்டே, வறுத்த மாவுல வெல்லப்பாகு ஊத்திப் புடிக்கிறது, கல்லு மாதிரி இருக்கும், அது கோபுரமா அடுக்கி இருக்கும். ஓரத்துல வாழப்பழம், வெத்தல பாக்கு, ஒரு பந்து மல்லிப்பூ. பாக்கறவங்களுக்கு அது தாய்வூட்டு சீரு. பலகாரத்துக்கு எப்பிடி அவ்ளோ கனம் வந்துச்சின்னு எனக்கு ரொம்ப நாளு தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். எங்க ஆண்டைக்குப் பாண்டிச்சேரில மவளே கெடையாது.

போன வாரம் டிவில ஏதோ ஒரு தேசத்துக்காரரக் காட்டுனாங்க. அங்க ஓட்டு கீட்டு ஒண்ணும் கெடையாதாம், அவரு வாயில வர்றதுதான் சட்டமாம். ஜனமெல்லாம் சேந்து தொரத்திட்டுது. வெளிநாட்டுல அவருக்கு மாளிகை இருக்கு, தோட்டம் இருக்கு, ஒண்ணுகூட அவரு பேருல இல்ல. டிரைவரு பேருல ஒண்ணு, சமையக்காரம்மா பேருல ஒண்ணு. "எப்பிடி தாத்தா இவ்ளோவும் கொண்டு போயி ஒளிச்சாங்க?"ன்னு பேத்தி கேட்டா. நான் பள்ளிக்கூட வாசப்படி மிதிச்சவன் இல்ல. ஆனா இந்த ஒரு கேள்விக்கு எனக்கு பதிலு தெரியும். சொன்னேன், அவ எழுதிக்கினா.

வளவனூருக்கு அந்தாண்ட எங்க ஊரு. ஆண்டை வூட்டுத் தெருவுல சைக்கிள்ல வந்தா எறங்கித் தள்ளிக்கினுதான் போவணும். தோள்ல கெடக்கற துண்டு கக்கத்துக்குப் போவணும். எவன் களத்துல நெல்லு அடிச்சாலும் மொத மரக்கா அவருக்கு. ஆடு அவரு வேலியில வாய வெச்சா அந்த ஆடு அவருது. அபராதம் போடறவரும் அவரு, வாங்கி வெச்சிக்கிறவரும் அவரு. அப்பிடியாப்பட்ட ஆளு, ஊருல ஒருத்தனுக்கும் பயப்படாதவரு, எதுக்குத் தன் பொருள ஊரு தாண்டி, தேசம் தாண்டிக் கொண்டு போயி ஒளிக்கிறாரு? வண்டி ஓட்டிக்கினே இத யோசிப்பேன். அப்பறம் ஒருநாளு தோணுச்சி. புடுங்கறது எவ்ளோ சுளுவுன்னு அவருக்குத்தான தெரியும். தன்ன மாதிரியே இன்னொருத்தன் வந்துட்டா?

அப்ப பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் சீமை. வளவனூரு தாண்டிப் போனா எல்லையில சோதனைச் சாவடி. எல்லாரும் அங்கேருந்து இங்க சரக்கு கடத்துவாங்க, துணி, சென்டு பாட்டிலுன்னு. இங்கேருந்து அங்க கடத்துன ஒரே ஆளு எங்க ஆண்டைதான். அதனால போற வண்டிய ஏனோதானோன்னுதான் பாப்பாங்க. அதுலயும் சீருத் தட்டுல கைய வுட்டுக் கலைக்க மாட்டாங்க, அவங்களுக்கும் பொட்டப்புள்ள இருக்குதில்ல. எங்கிட்ட இருந்த மயிலக்காள சாவடி வந்தா தானா நின்னுடும். நான் எறங்கி, "மவளுக்கு சீருங்க சாமி"ம்பேன். போ போம்பாங்க. ஒருவாட்டி புதுசா வந்த சிப்பாயி ஒருத்தன் உருண்டை ஒண்ண எடுத்துக் கடிச்சிட்டான். "அய்யய்யோ"ன்னு கன்னத்தப் புடிச்சிக்கினான். "இன்னாய்யா இது, ஜல்லியா? உங்க ஆண்டை மவளுக்குப் பல்லு இரும்புல செஞ்சி வெச்சிருக்கா?" கூட இருந்தவங்க சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வர்ல. அவன் கடிச்ச எடத்துல மஞ்சளா ஒண்ணு மின்னுச்சி. அவன் பாக்காம அதத் தட்டுலயே போட்டுட்டான், நான் பாத்துட்டேன். ஒவ்வொரு உருண்டைக்குள்ளாறயும் ஒரு தங்கக் காசு.

சரி, இல்லாத மவளுக்கு சீரு போனா வாங்கறது யாரு? ஆண்டை வூட்ல மாவு இடிச்சிக்கினு ஒரு அக்கா இருந்துச்சி. பதினேழு வயசுல புருசனப் பறிகுடுத்தது, அழுக்கு வெள்ளப் பொடவ, மாட்டுக் கொட்டா ஓரமா படுக்கை. அதத்தான் ஆண்டை பாண்டிச்சேரிக்கு அனுப்புனாரு. சீரு வாங்கறவ முண்டச்சியா இருந்தா நம்புவாங்களா? அதனால பொட்டு வெக்கச் சொன்னாரு, பூ வெக்கச் சொன்னாரு. புருசன் கப்பலேறி பிரெஞ்சுக்காரனோட இன்னொரு சீமை சைகோனுக்கு வேலைக்குப் போயிருக்கான்னு தெருவுல சொல்லி வெச்சாரு. அங்க பாதி வூட்ல அப்பிடித்தான், ஒருத்தரும் கேக்கல. காசு சேரச் சேர ஒரு புரோக்கர வெச்சி ஒரு வூடும் முன்னால ரெண்டு கடையும் அந்தக்கா பேருல வாங்குனாரு. அங்க பத்திரம் எழுதறவர நொத்தேருன்னுவாங்க. பேச்சு ஒண்ணா இருக்கணும்னு பத்திரத்துலயும் தன் மவளுன்னே எழுத வெச்சிட்டாரு. மொத மொத நான் சீரு எறக்கறப்ப அந்தக்கா கண்ணாடி முன்னால நின்னு நெத்தியையே பாத்துக்கினு இருந்துச்சி. "டேய் தம்பி, இது அழிஞ்சிராதில்ல?"ன்னு கேட்டுச்சி. 

அப்பறம் பிரெஞ்சுக்காரன் போயிட்டான். சாவடியப் பிரிச்சிட்டாங்க. ஆண்டை ஒளிச்சி வெச்ச வெளிதேசம் நம்ம தேசமாப் பூடுச்சி. அதுக்கப்பறம் சீரு எதுவும் கொண்டு போவல, ஆனா வேற வேலையா அந்தப் பக்கம் போனாலும் மயிலக்காள அந்த எடத்துல நிக்கும். அடிச்சாலும் நவுராது. நான் எறங்கி வெறும் ரோட்டப் பாத்து "மவளுக்கு சீருங்க"ன்னா அப்பறம் நடக்கும்.

அறுவதாம் வருசத்துக்கு மேல ஊரு மாறிப் போச்சி. பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல ஆண்டை தோத்தாரு. பசங்க சைக்கிள்ல மணி அடிச்சிக்கினே அவரு வூட்டு முன்னால போனாங்க. அவருக்கு அது தாங்கல. பாண்டிச்சேரி வூட்டத் தன் பேருக்கு மாத்திக்கினு அங்கயே போயிடலாம்னு கெளம்பிட்டாரு. அந்தக்கா பழையபடி வெள்ளப் பொடவையோட மாவு இடிக்க வரணும். சாட்சிக்கு என்னக் கூட்டிக்கினு போனாரு. வண்டிக்காரனுக்குத் தனியா ஒரு நாக்கு உண்டுன்னு அவருக்குத் தோணவே இல்ல போல.

நொத்தேரு மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கினு, "இது மகளுக்குப் போன சொத்துன்னு இருக்கே?"ன்னாரு. "மவளும் இல்ல மண்ணும் இல்ல. எங்கூட்டு வேலக்காரி. இவனக் கேளுங்க, இவன்தான் எல்லாத்தையும் ஏத்திக்கினு வந்தவன்"னாரு ஆண்டை. நொத்தேரு எம்பக்கம் திரும்பி, "யாருக்குப்பா ஏத்திக்கினு வந்த?"ன்னாரு.

அக்கா ஓரமா நின்னுக்கினு இருந்துச்சி. நெத்தியில காசு அகலத்துக்குப் பொட்டு. என்னப் பாக்கக்கூட இல்ல.

"மவளுக்கு சீருங்க"ன்னேன்.

தைரியத்துல சொன்னேனா, வாயி பழகிப்போயி வந்துடுச்சா, இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆண்டை கைத்தடிய ஓங்குனாரு. அப்பத்தான் அந்தக்கா அவரு முன்னால வந்து நின்னுச்சி. "ஏன் அப்பா, மவளுக்குக் குடுத்த சீர எவனாவது திருப்பிக் கேப்பானா? ஊரு சிரிக்காது? வாங்க, வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்க"ன்னுச்சி. நொத்தேரு பேப்பர மடிச்சி வெச்சிட்டாரு. ஆண்டை ஓங்குன தடிய எறக்குனாரு. அப்பறம் போனாரு, சாப்புட்டாரு. கருவாட்டுக் கொழம்பு. மறுசோறு கேட்டு வாங்கித் தின்னாரு.

திரும்பறப்ப சாவடி இருந்த எடத்துல மாடு நின்னுச்சி. நான் எறங்கவும் இல்ல, எதுவும் சொல்லவும் இல்ல. ரொம்ப நேரங்கழிச்சி அதுவா நடந்துச்சி. ஊரு வந்ததும், "நாளைலேருந்து வராத"ன்னாரு. நான் திண்டிவனத்துக்கு மூட்ட தூக்க வந்துட்டேன்.

கொஞ்ச வருசங்கழிச்சி, என் மவ கல்யாணத்துக்கு அக்கா வந்துச்சி, நெத்தி நெறையப் பொட்டோட. கையில அதே பித்தளத் தாம்பாளம், மேல அதே செவப்புத் துணி. இப்பவும் எங்கூட்டுப் பரண்ல கெடக்கு. வெறும் தாம்பாளத்த ஒத்தக் கையால தூக்கலாம். டிவில அந்தத் தேசத்துக்காரர் மாளிகையச் சுத்திச் சுத்திக் காட்டுறான். எனக்கு அது வேணாம். அந்தச் சமையக்காரம்மா இன்னா சொல்லுச்சின்னு ஒருத்தனும் கேக்க மாட்றானே, அதத்தான் தெரிஞ்சிக்கணும்னு இருக்கு.